யாருடைய திராட்சத்தோட்டம்?

இவ்வாரத் தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 21:1–19



நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நாம் ஓய்வுநாள் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவோம். பிறன் நிலத்தின்மேல் ஆசை வைத்த ஆகாப், அதை வஞ்சனையால் பறித்துக் கொடுத்த யேசபேல், அரசன் முன் அஞ்சாமல் நின்ற எலியா ஆகிய மூவரும் நம் நினைவில் நிற்கிறார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் வேறு ஒரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். அவர்கள் நாபோத்தின் ஊரிலேயே குடியிருந்த மூப்பர்களும் பெருமக்களும். அரசனின் முத்திரையிட்ட கடிதம் அவர்களுக்குத்தான் வந்தது. அவர்கள் அதைப் படித்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஊரில் உபவாசம் அறிவித்தார்கள். சபையைக் கூட்டினார்கள். நாபோத்தை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொய்ச்சாட்சிகள் இருவர் எழுந்தார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நன்றாகக் கவனியுங்கள். யெஸ்ரயேலின் அந்த மூப்பர்களிடையே பிளவு எதுவும் இல்லை. அவர்கள் ஒன்றாக வந்தார்கள், ஒன்றாக உபவாசித்தார்கள், ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். ஒற்றுமைக்கு அங்கே குறைவே இல்லை, நீதிக்குத்தான் இடமில்லாமற்போயிற்று. ஒரு குடியானவனின் பிதிர்ச்சொத்தைப் பறிக்க அரசனின் வாள் தேவைப்படவில்லை. பக்தியின் தோற்றமுள்ள ஒரு கூட்டமே போதுமானதாயிருந்தது.

இக்காலத்துச் சமய நல்லிணக்கக் கூட்டங்களை நினைக்கும்போது இந்த அதிகாரம் என்னை விடுவதில்லை. அக்கூட்டங்களை நான் இகழவில்லை. ஆயரும் இமாமும் அர்ச்சகரும் ஒரே மேடையில் அமர்வதைக் கண்ட ஊரில், வதந்தி பரவும் இரவில் ஒரு கல்லாவது குறைவாக எறியப்படும். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சியைப் பகிர்வதும், கிறிஸ்து பிறப்பு நாளில் அயலாருக்கு இனிப்பு வழங்குவதும், பொங்கலன்று ஒருவர் வீட்டுப் பானையை மற்றவர் எட்டிப் பார்த்து மகிழ்வதும் இந்த மண்ணின் நல்ல வழக்கங்கள். ஆனால் பொன்னாடை மடித்து வைக்கப்பட்ட பிறகு கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் ஒன்றாகக் கூடியது யாருக்காக? இந்த ஊரில் நாபோத் யார், அவனுடைய தோட்டம் எங்கே?

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, அக்கேள்விக்கு வரலாற்றிலேயே ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல்பட்டில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. விளைநிலம் மட்டுமன்றித் தரிசும், உழைக்கும் மக்களின் குடிசை நின்ற நத்தமும்கூடத் தங்களுடையவை என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு பண்ணையாள் தர்க்காஸ்து மனு கொடுத்தால், அதைப் பெறும் முன்னுரிமை மிராசுதாரருக்கே இருந்தது. மனு கொடுத்த துணிவுக்காக அவன் குடியிருந்த குடிசையும் பறிபோகக்கூடும். கடனால் கட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தவர்களுக்குச் சட்டம் திறந்து வைத்த கதவு நடைமுறையில் மூடியே கிடந்தது.

1891ஆம் ஆண்டு, செங்கல்பட்டின் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர் என்னும் அதிகாரி, ஒடுக்கப்பட்ட இம்மக்களின் நிலையை விவரித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர்களுக்குக் குடியிருப்பு மனை வேண்டும், பயிரிட நிலம் வேண்டும், கல்வி வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பரில், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்யும் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அவ்வாறு தோன்றியதே. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அவ்வகையில் வழங்கப்பட்டதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதை விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது என்பது ஒப்படைப்பின் நிபந்தனை.

ஓர் ஆட்சியரின் பேனாவினால் மட்டும் இது நடந்ததா? இல்லை. அறிக்கைக்கு முன்னும் பின்னும் பலர் உழைத்தார்கள். அவர்கள் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மெதடிஸ்டு ஊழியரான வில்லியம் கௌடியும் உழவர்களின் மனுக்களுக்குத் துணைநின்றார்கள். நிலத்தின் அவசியத்தைக் குறித்து அரசோடும் வாதாடினார்கள். போதகர் ஜான் இரத்தினமும் அயோத்திதாசப் பண்டிதரும் 1880களில் ‘திராவிட பாண்டியன்’ இதழின் மூலம் சேர்ந்து உழைத்தார்கள். பண்டிதர் பின்னர் 1898இல் பௌத்தம் தழுவினார். மெதடிஸ்டுப் போதகர் கிறிஸ்தவராகவே இருந்தார். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், மதம் மாறாமலேயே தம் மக்களின் உரிமைக்காக இதழ் நடத்தினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், 1894இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார்.

இவர்கள் அனைவரும் ஒரே மேடையில் கைகோத்து நின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குள் கருத்து வேறுபாடுகள் இருந்தன. இறையியலில் அவர்கள் ஒத்துப்போனதே இல்லை. கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துவும் பிரம்மஞானியும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து, நிலமற்றவனின் நிலம், எழுத்தறியாதவனின் எழுத்து என்னும் ஒரே வரப்பில் சந்தித்தார்கள். மேடையில் நின்று காட்டும் ஒற்றுமையைவிட வரப்பில் நின்ற அந்த ஒற்றுமை அதிகம் விளைவித்தது என்பதே என் கருத்து.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வழங்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி பின்வந்த பத்தாண்டுகளில் கைமாறிப்போயிற்று. கடனுக்காக எழுதி வாங்கப்பட்டது, மிரட்டி வாங்கப்பட்டது, பதிவேடு திருத்தப்பட்டபோது பழைய வகைப்பாடு காணாமற்போனது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் வேறொருவர் வேலிக்குள் இருந்தது.

மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள காரணை கிராமத்தில் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் தலித் மக்கள் திரண்டார்கள். கிறிஸ்தவத் துறவியரும் அம்பேத்கரிய இயக்கத்தாரும் அவர்களோடு நின்றார்கள். அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது காவல் துறையினர் சுட்டதில் இருவர் உயிர் நீத்தார்கள். அவர்கள் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை.

அவ்விரு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெயர் இயேசுவின் சீஷர்களிடமிருந்து வந்தது. மற்றது திருவேங்கடவன் உறையும் மலையிலிருந்து வந்தது. இரண்டு வழிபாடுகளின் பெயர்கள் ஒரே நாளில், ஒரே கோரிக்கைக்காக, ஒரே மண்ணில் விழுந்தன. சமய நல்லிணக்கத்தைப் பற்றி இதைவிடக் கனமான பிரசங்கம் நம் மாவட்டத்தில் நிகழ்ந்ததாக நான் அறியேன். மதத்தலைவர்களாகிய நாம் இணைவதற்கு முன்பே ஏழைகள் இணைந்துவிட்டார்கள். அதற்கான விலையையும் கொடுத்துவிட்டார்கள்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்யும் எவரும் இந்நிலப்பரப்பின் சமயச் செழுமையைக் காணலாம். கோவளத்தில் கார்மேல் அன்னையின் ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் அருகருகே கடலை நோக்குகின்றன. மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். உள்ளே சென்றால் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில். மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் நெடுந்தூரத்திலிருந்து மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, மணலில் குடில் போட்டுத் தங்கித் தங்கள் கன்னியம்மனை வழிபடுகின்றன. அந்த ஓரிரவுக்குக் கடற்கரை அவர்களுடையது. விடிந்து திரும்பும்போது அவர்களில் பலருக்குச் சொந்தமென்று சொல்ல ஒரு மனையும் இல்லை. சாலையின் இருமருங்கும் சதுர அடிக் கணக்கில் நிலம் விலைபோகும் இடத்தில், தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் பட்டாவுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தின் படியில் காத்திருக்கிறார்கள். செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் என்னும் கயிற்றால் கட்டப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டவர்களில் இருளரே மிகுதியானோர்.

நாபோத் யார் என்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

“ஐயா, இது அரசியல் அல்லவா? ஆயருக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்பீர்கள். நிலத்தைக் குறித்துப் பேசுவது வேதத்திற்குப் புறம்பானது என்றால், லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை நாம் கிழித்துவிட வேண்டியிருக்கும். நிலம் கர்த்தருடையது, நாம் அதில் தங்கிச் செல்லும் பரதேசிகள், இழந்தவன் தன் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும் என்பதே யூபிலி வருஷத்தின் போதனை. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். மோசே அவர்களை அடக்கவில்லை; அவர்கள் வழக்கைக் கர்த்தரின் சந்நிதிக்குக் கொண்டுபோனார். ஏழைகளின் மனுவைக் கடவுளிடம் கொண்டுபோகிறவனே ஊழியன்.

“மற்ற மதத்தாரோடு சேர்ந்து செய்யலாமா?” என்றும் கேட்பீர்கள். எலியாவின் வாழ்க்கையே இதற்கு மறுமொழி. நாபோத்துக்காக ஆகாபின் முன் நின்ற அதே எலியா, பஞ்ச காலத்தில் யார் கையால் உணவுண்டு உயிர்பிழைத்தார்? சீதோன் நாட்டுச் சாறிபாத் ஊர் விதவையின் கையால். யேசபேலும் அந்தச் சீதோனிலிருந்து வந்தவளே. ஆக, அநீதி செய்தவளும் அப்பம் கொடுத்தவளும் ஒரே நாட்டவர். மதத்தின் எல்லைக்கோடு நீதியின் எல்லைக்கோடு ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் நம் ஆண்டவர் அந்த விதவையை நினைவூட்டியபோது, கேட்டவர்கள் கோபங்கொண்டு எழுந்தார்கள் என்பதையும் மறவாதிருப்போம்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. அதை வெளிப்படையாகக் கேட்பவர் குறைவு. மனதில் வைத்திருப்பவர் அதிகம். “இதனால் நம் சபைக்கு என்ன?” 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவர் இன்னும் அதற்கு வெளியே நிற்கிறார். அப்படியிருக்க, மீட்கப்படும் நிலத்தில் நம் சபையாருக்குப் பங்கு கிடைக்காமலும் போகலாம். ஆயினும் நாம் நிற்க வேண்டுமா?

நிற்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நமக்குப் பங்கு வரும்போது மட்டும் கேட்கும் நீதி, பங்காளித் தகராறு ஆகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரிமாரின் உழைப்பை மதிக்கிற நாம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர்கள் நிலம் கேட்டபோது ஆத்துமாக்களின் எண்ணிக்கையும் அவர்கள் மனதில் இருந்தது. அதனால்தான் நிலவுரிமைக் கோரிக்கையை மதமாற்ற முயற்சி என்று ஒதுக்கித்தள்ள எதிராளிகளுக்கு எளிதாயிற்று. அந்தச் சந்தேகம் இன்றும் நம் காலடியைத் தொடர்கிறது. நமக்கு ஆதாயமில்லாத இடத்தில் நாம் நின்றால் மட்டுமே அது விலகும்.

நம் மாவட்டத்துக்கு வெளியே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய வேளையில், கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அம்மக்களிடையே பணிசெய்யச் சென்றவர்கள் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். அமெரிக்க மிஷனெரியாக வந்து சர்வோதயத் தொண்டரான கெய்த்தானும் முன்னமே ஜெகந்நாதனோடு பூமிதானப் பணியில் தோள்கொடுத்தவர். கிருஷ்ணம்மாள் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலத்தை விலைக்கு வாங்கி உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தது. செலொப்பியாத்தின் குமாரத்திகளுக்குக் காவிரிப் படுகையில் பங்கு கிடைத்தது எனலாம். அந்நிலத்தைப் பெற்ற பெண்களிடம் எந்த ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்கப்படவில்லை.

ஆகவே, அன்பானவர்களே, நம் ஊர்களில் மதத்தலைவர்கள் இணைந்து பணிசெய்ய விரும்பினால், மூன்று ஒழுங்குகளை நான் முன்வைக்கிறேன்.

முதலாவது, தலைமை நாற்காலி பாதிக்கப்பட்டவருக்கே உரியது. இருளர் பெண்ணும் காரணை உழவரும் பேச, ஆயரும் ஹஸரத்தும் குருக்களும் கேட்கட்டும். நாம் எழுதத் தெரிந்தவர்கள், எழுதித் தருவோம். ஆண்டுதோறும் வட்ட அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. அங்கே தனியாகப் போகும் ஏழையின் மனு மேசையில் எளிதில் உறங்கிவிடும். அவர் பின்னால் மூன்று மதத்தாரும் வரிசையில் நின்றால் அவ்வளவு எளிதில் உறங்காது. பழைய ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க 10 ரூபாய் போதும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் சமூக ஊழியர்களுக்கு இடம் தந்திருக்கிறது. அக்குழு கூடுகிறதா என்று கேட்பதும் ஊழியமே.

இரண்டாவது, பணி நடக்கும் இடத்தில் துண்டுப் பிரதியும் வேண்டாம், பிரசாதத் தட்டும் வேண்டாம். என் விசுவாசத்தை நான் மறைக்கப் போவதில்லை. கேட்பவருக்கு என் நம்பிக்கையைச் சொல்வேன். ஆனால் பட்டாவுக்கும் ஜெபத்துக்கும் இடையே கயிறு கட்ட மாட்டேன்.

மூன்றாவது, அவரவர் வீட்டிலிருந்து தொடங்குவோம். சபைக்கு நிலம் உண்டு. கோயிலுக்கும் மடத்துக்கும் நிலம் உண்டு. வக்புக்கும் நிலம் உண்டு. அவற்றை உழுகிறவர் யார், குத்தகை என்ன, அவற்றில் குடியிருப்போரின் நிலை என்ன? மூன்று பதிவேடுகளும் ஒரே மேசையில் திறக்கப்பட்டால், அதுவே மெய்யான நல்லிணக்கக் கூட்டம். நம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சாதிச் சுவர் நிற்கும் இடங்கள் உண்டு. அச்சுவரை வைத்துக்கொண்டு ஆட்சியரிடம் சமத்துவம் கேட்கச் செல்ல நமக்கு வாய் உண்டா?

இம்மூன்றும் எளிதல்ல. மூன்றாவதைச் சொன்னவுடன் கூட்டத்துக்கு வருவோரின் எண்ணிக்கை குறையும். சபையின் செல்வாக்குள்ளவர்களுள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வேலிக்குள்ளும் ஒரு பழைய சர்வே எண் இருக்கக்கூடும். யெஸ்ரயேலின் மூப்பர்களும் அதைத்தான் அஞ்சியிருப்பார்கள். முத்திரையிட்ட கடிதத்தைத் திருப்பி அனுப்ப அவர்களில் ஒருவர் போதுமாயிருந்தது. அந்த ஒருவர் அன்று எழவில்லை. எலியா வந்தபோது நாபோத் கல்லெறியுண்டு கிடந்தான். தீர்க்கதரிசியின் சொல் ஆகாபைத் தாழ்த்திற்று. ஆனால் நாபோத்தை உயிரோடு எழுப்பவில்லை.

நாம் தீர்க்கதரிசிகளாக இல்லாமற்போகலாம், மூப்பர்களாக இருக்கிறோம். கடிதம் நம் ஊருக்கு வரும்போது எழுந்து நிற்கும் அந்த ஒருவராக இருப்பது நம்மால் ஆகும்.

இவ்வாரம் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் ஊரில் வீட்டுமனைப் பட்டா இல்லாத ஒரு குடும்பத்தைத் தேடிக் கண்டு, அவர்கள் திண்ணையில் அமர்ந்து கேளுங்கள். திரும்பும் வழியில், அந்த ஊர்ப் பள்ளிவாசலிலோ கோயிலிலோ பொறுப்பிலுள்ள ஒருவரைச் சந்தித்து, கேட்டதைச் சொல்லுங்கள். அடுத்த முறை இருவருமாகப் போங்கள்.

ஜெபிப்போம்: நிலத்திற்கும் அதன் நிறைவிற்கும் உரியவராகிய ஆண்டவரே, நாபோத்தின் இரத்தத்தை நீர் கண்டீர். எங்கள் மாவட்டத்தின் வரப்புகளில் சிந்தியதையும் நீர் கண்டீர். கூடிவரும்போதெல்லாம் யாருக்காகக் கூடினோம் என்று எங்களைக் கேளும். அயலாரின் கையிலிருந்து அப்பத்தைப் பெறும் தாழ்மையையும், அரசனின் முத்திரைக்கு முன் எழுந்து நிற்கும் துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.